தொட்டிலுக்கு விலை பேசுகிறார்கள்!

இராசிபுரம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நெய்தானே? எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை, தீபாவளிப் பட்சணத்துக்கு இராசிபுரம் நெய் வந்தால்தான் அடுப்பையே மூட்டுவாள். பட்டுப் புடைவையும் ஜவ்வரிசியும் பிறகுதான். அப்படி மணமாகப் பெயர் எடுத்திருந்த ஊருக்கு, 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் வேறொரு பெயர் வந்து சேர்ந்தது.

ஒரு டெலிபோன் பேச்சு. யாரோ பதிவு செய்து வெளியிட்டுவிட, இரண்டே நாளில் அது தமிழ்நாடு முழுவதும் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. குழந்தை வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி பதில் சொல்கிறார். பெண் குழந்தை என்றால் 2 லட்சத்து 70 ஆயிரத்தில் ஆரம்பம். நல்ல நிறமாக இருந்தால் 3 லட்சம். ஆண் என்றால் அதற்கும் மேல். சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்துவிட்டால் 4 லட்சத்தைத் தாண்டும். பிறப்புச் சான்றிதழும் கையோடு வேண்டுமா? அதற்குத் தனியாக 70 ஆயிரம். முப்பது வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன், பயப்படவேண்டாம் என்று தைரியமும் சொல்கிறார்.

ஜவுளிக் கடையில் பார்டரைப் பார்த்து, முந்தானையைப் பிரித்துப் பார்த்து விலை பேசுவோமே, அந்தக் குரல். கோபமாகப் பேசியிருந்தால்கூட இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டோம். சாதாரணமாகப் பேசியதுதான் தூக்கிவாரிப் போட்டது.

போலீஸார் அந்தப் பெண்மணியைக் கைது செய்தார்கள். தொடர்ந்து வேறு சிலரும் பிடிபட்டார்கள். அவர்களில் கொல்லிமலைப் பக்கத்து ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. பிறப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் இருக்கும் வீட்டில் பிள்ளையும் இருக்கிறதா என்று அதிகாரிகள் சரிபார்க்கிற நிலைமை வந்தது. நினைத்துப் பாருங்கள்: ரேஷன் கடையில் மூட்டை குறைந்தால் இருப்பு பார்ப்பதைப்போலப் பிள்ளைகளை இருப்பு பார்க்க வேண்டியதாயிற்று!

இந்த விஷயத்தை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு சிநேகிதி கேட்டாள்: “இதில் ஆள் கடத்தல் எங்கே வந்தது? பெற்றவளே சம்மதித்துக் கொடுக்கிறாள். பிள்ளை இல்லாதவள் ஆசையாக வாங்கிக்கொள்கிறாள். வளர்க்கத்தானே? நடுவில் இருக்கிறவள் நாலு காசு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே?”

உங்களில் சிலருக்கும் இப்படித் தோன்றலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியிருக்கிறது. அதனால் கேள்வியை ஒதுக்காமல், அந்த இரண்டு பெண்களையும் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலில் பெற்றவள்.

திருச்செங்கோடு உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். மலைமேல் அர்த்தநாரீசுவரர்; கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ‘ரிக்’ லாரிகள்; சுற்றிலும் தறிச் சத்தம். 2023 அக்டோபரில் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று. ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவதும் பெண்.

நம் ஊர்ப் பக்கம் இந்த ‘மூன்றாவதும் பெண்’ என்ற இரண்டு வார்த்தையை எப்படிச் சொல்லுவார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமியார் சொல்வது ஒரு தினுசு, பக்கத்துக் கட்டில்காரி சொல்வது ஒரு தினுசு. ‘உச்’ கொட்டுகிற சத்தத்திலேயே தாய்க்குப் பாதி ரத்தம் வற்றிவிடும். உடம்பு பச்சை உடம்பு. மனசு அதைவிடப் பச்சை. அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்தார். இந்தக் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள், 2 லட்சம் ரூபாய் தருகிறோம் என்றார். இதில் அந்த ஆஸ்பத்திரியின் மகப்பேறு டாக்டர் ஒருவருக்கே கை இருக்கிறது என்பதுதான் பிறகு எழுந்த குற்றச்சாட்டு.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? போலீஸில் போய்ச் சொல்லிவிட்டார்கள். டாக்டரும் தரகரும் கைதானார்கள்.

இராசிபுரத்துப் பேச்சு கைபேசிக்குக் கைபேசி பறந்தது. இந்தத் தம்பதியின் செய்தி அந்த அளவுக்குப் பறக்கவில்லை. எனக்கு இது ஒரு மனக்குறை. 2 லட்சத்தை வேண்டாம் என்பது பணக்கார வீட்டில் சுலபம். வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தும் வீட்டில், பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா பெயரே அடிபடும் இடத்தில், “இது தப்பு” என்று வாசல்படி இறங்கிப் போய்ச் சொல்வது லேசா?

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ‘பெற்றவளே சம்மதித்துக் கொடுக்கிறாள்’ என்கிறோமே, சம்மதம் அவளிடமிருந்து முதலில் கிளம்புவதில்லை. அது அவளைத் தேடி வருகிறது. யாருக்குப் பிரசவ தேதி எப்போது, எத்தனையாவது பிள்ளை, புருஷன் குடிகாரனா, கடன் எவ்வளவு, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்பதெல்லாம் பிரசவம் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தாயின் நன்மைக்கென்று கேட்டு எழுதிக்கொண்ட விவரங்கள் தரகரின் நோட்டுப் புத்தகத்துக்கு மாறினால், அதுதான் ஆபத்து. வலை வீசுபவருக்கு மீன் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்திருக்கிறது.

சட்டம் இதை உணர்ந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்படி, எந்த நோக்கத்துக்காகவும் குழந்தையை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஐந்து வருஷம் வரை கடுங்காவல். 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரியிலோ பிரசவ விடுதியிலோ வேலை செய்கிறவர்கள் இதைச் செய்தால், குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை போகலாம். ‘எந்த நோக்கத்துக்காகவும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வளர்க்கத்தான் வாங்கினேன் என்ற சமாதானம் அங்கே செல்லாது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வடக்கே நடந்த ஒரு குழந்தை விற்பனை வழக்கில், எந்த ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தை கடத்தப்படுகிறதோ அந்த ஆஸ்பத்திரியின் லைசென்ஸை முதல் காரியமாக நிறுத்தி வையுங்கள் என்றது. இத்தகைய வழக்குகளை ஆறு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இனி வாங்க நினைப்பவள்.

இவளைப் பற்றி எழுதும்போது எனக்குப் பேனா தயங்குகிறது. ஏனென்றால் இவள் என் பெரியம்மா மகள். சேலத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் வயிறு திறக்கவில்லை. சுற்றாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. வளைகாப்புக்குப் போனால் வளையலை இவள் கையில் கொடுக்கமாட்டார்கள். அடுத்த பெண்ணிடம் நீட்டுவார்கள். சொல்லாமல் குத்துவதில் நம் ஸ்திரீகளுக்கு ஈடு இணை கிடையாது!

ஒரு நாள் மத்தியானம், ஒரு பிரசவ விடுதியில் வேலை செய்த அம்மாள் தேடி வந்தாள். அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்செடுத்தாள்.

“அம்மிணி, எதுக்குக் கண்ணு கவலைப்படறே? நான் பார்த்து முடிச்சுத் தர்றேன். ஏழாம் மாசத்திலிருந்து நீ வெளியூர் போய் இருந்துட்டு வா. கையிலே குழந்தையோட வந்து எறங்கு. ஒரு ஈ, காக்கைக்குத் தெரியாது. சர்ட்டிபிகேட்டெல்லாம் உன் பேரிலேயே.”

அக்கா ஒரு வாரம் தூங்கவில்லை. நகையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். அத்தான் கூடச் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அந்த அம்மாள் மறுபடி வந்தபோது, அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி:

“பெத்தவளுக்கு மறுநாள் பால் கட்டிக்கிட்டா, யாருங்க பார்ப்பாங்க?”

அந்த அம்மாள் சிரித்தாள். “அதுக்கெல்லாம் மாத்திரை இருக்கு அம்மிணி” என்றாள். அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. “வேண்டாமுங்க” என்று உள்ளே போய்விட்டாள். அன்று அவள் போலீஸுக்குச் சொல்லவில்லை. திருச்செங்கோட்டுத் தாய்க்கு இருந்த துணிச்சல் தனக்கு இல்லை என்று இப்போதும் சொல்லிச் சொல்லி வருந்துகிறாள்.

அக்கா வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்றாகத்தான் வளர்த்திருப்பாள், சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாள் அக்காவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! வீட்டில் யார் யார், புருஷன் எப்படி, வருமானம் என்ன, வருகிற குழந்தை என்ன ஆகும் — ஒன்றும் இல்லை. பணம் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. அக்காவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய குழந்தை, அதே விலையில், எப்படிப்பட்ட கையிலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். கேட்பார் கிடையாது. பதிவேட்டில் அது இன்னொருத்தி பெற்ற பிள்ளை. பெற்றவள் நாளை மனம் மாறி அழுதுகொண்டு வந்தால், “உனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை” என்று காகிதம் சொல்லும்.

தமிழ்நாட்டில் 2017 அக்டோபர் முதல், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பதிவு எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்று விதி செய்திருக்கிறார்கள். அதன்படி, பிறக்காத வயிற்றில் பிறந்ததாக எழுதவேண்டுமானால், கர்ப்பம் என்பதிலிருந்தே பொய்யைத் தொடங்கவேண்டும். ஒரு பொய்க்குச் சான்றிதழ் வாங்க எத்தனை பேருடைய கை நனையவேண்டும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

அந்தப் பொய்க் காகிதம் குழந்தையை என்ன செய்யும்? நம் பக்கத்துக் குழந்தைகளில் பலர் இன்னும் வாய் திறந்து கேட்கிற வயதுக்கு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1980-களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஹாலந்து முதலான தேசங்களுக்குத் தத்துப் போயின. அவர்களில் பலர் வளர்ந்து, தாயைத் தேடி இலங்கைக்கு வந்தார்கள். காகிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போனால், “நான் உன் தாய் இல்லை, அன்றைக்குத் தாய் மாதிரி வந்து நிற்கச் சொன்னார்கள், காசு கொடுத்தார்கள்” என்று சொன்ன பெண்கள் உண்டு! 2017-இல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்தியபோது, அப்படி நடந்தது உண்மை என்று இலங்கையின் சுகாதார மந்திரியே ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில் ஹாலந்து சர்க்கார், ஒரு விசாரணைக் கமிட்டி அறிக்கையைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுத் தத்துகளையே நிறுத்தி வைத்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் வசதியாகத்தான் வளர்ந்தார்கள். ஆனால் பெற்றவள் யார் என்ற கேள்விக்கு வசதி பதில் சொல்லவில்லை.

இன்னொரு விந்தையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேலம் ஜில்லாவுக்கு 1991 ஜனத்தொகைக் கணக்கு வந்தபோது, ஆறு வயது வரையில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே? கள்ளிப்பாலும் நெல்மணியும் பதில் சொல்லவேண்டும். அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1992-இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் சேலத்தில் ஆரம்பித்தார். ‘கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, நாங்கள் வளர்க்கிறோம்’ என்பது திட்டம். பிள்ளையை விட்டுவிட்டுப் போகத் தாய்க்கு இது பழக்கிக் கொடுக்காதா என்று அப்போதே ஆட்சேபித்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது. 1997-இல்தான் தனி ஜில்லா ஆயிற்று. ஆக, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று பெண் சிசுவைத் தள்ளிய அதே மண்ணில், ஒரு தலைமுறைக்குள் பெண் குழந்தை 2 லட்சத்து 70 ஆயிரம்! பெண்ணுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா? அந்த விலைப் பட்டியலிலும் ஆணுக்குத்தான் கூடுதல்; கறுப்புக்குக் குறைச்சல். வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்ததைத் தரகர் ரூபாயாக மாற்றி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, முறையான வழி இல்லையா? இருக்கிறது, இரண்டு பேருக்கும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. தரகர் மட்டும் வீடு தேடி வந்து சொல்கிறார்.

வளர்க்க வழியில்லாத தாய், அவள் கல்யாணம் ஆகாதவளாக இருந்தாலும் சரி, ஜில்லாவிலுள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் போய்ப் பிள்ளையை ஒப்படைக்கலாம். சட்டப்படி அது குற்றமில்லை. முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள்; என்ன உதவி செய்தால் நீயே வளர்ப்பாய் என்று கேட்பார்கள். அப்படியும் முடியாது என்றால் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். பெயரை வெளியே விடமாட்டார்கள். தரகரிடம் கொடுத்த பிள்ளைக்கு இரண்டு மணி நேர அவகாசமாவது உண்டா?

தத்தெடுக்க விரும்புகிறவர்கள் கலெக்டர் ஆபீஸைச் சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ‘காரா’ என்ற மத்திய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால், கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக்கூடாது. தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. கட்டணம் சர்க்கார் நிர்ணயித்தது. ஆயிரக் கணக்கில்தான், லட்சக் கணக்கில் இல்லை. 2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்கு அலையாமல் கலெக்டரே உத்தரவு போடுகிறார். குழந்தை வந்த பிறகும் இரண்டு வருஷம் வந்து வந்து பார்ப்பார்கள்.

“இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாதா?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாது. இந்துக்கள் சொந்தத்துக்குள் சுவீகாரம் கொடுத்து வாங்குவதற்கு 1956-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது. பெற்றவர்கள் தாங்களே மனமுவந்து, மடியிலிருந்து மடிக்குக் கொடுக்கவேண்டும். ஆனால் அதற்காக ஒரு காசு கைமாறினாலும் அந்தச் சட்டமே தண்டனை சொல்கிறது.

நேர் வழியில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு, மறைக்கமாட்டேன். காத்திருக்கவேண்டும். ஆரோக்கியமான கைக்குழந்தை வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கும் மேல் ஆகிறது. 2024-25-இல் நாடு முழுவதும் காரா வழியாக நடந்த தத்து 4,515தான். அதுவே பல வருஷங்களில் அதிகமான கணக்கு. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறவர்களோ பல்லாயிரம் பேர். தரகரின் மூலதனமே இந்தக் காத்திருப்புதான். அவர் விற்பது குழந்தையை மட்டும் அல்ல. வரிசையில் நிற்காமல் முன்னால் போகும் குறுக்கு வழியையும் சேர்த்து விற்கிறார். வரிசையைச் சீக்கிரம் நகர்த்துவது சர்க்காரின் பொறுப்பு. வருஷக் கணக்கில் ஒரு பெண்ணைக் காக்க வைத்துவிட்டு, ‘தரகரிடம் போகாதே’ என்று நோட்டீஸ் ஒட்டுவது மட்டும் போதுமா என்று நான் கேட்கத்தான் கேட்பேன்.

உங்கள் தெருவில் யாராவது இப்படி விலை பேசுவதாகக் காதில் விழுந்தால் 1098 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கென்றே உள்ள உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அக்கா பதிவு செய்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. போன மாதம் சேலத்துக்குப் போனபோது, கூடத்து உத்தரத்தில் தூளி கட்டும் வளையம் பளபளவென்று இருந்ததைப் பார்த்தேன்.

“இன்னும் தகவல் வரலையே அக்கா, அதுக்குள்ளேயா?” என்றேன்.

“பழைய வளையந்தான். நீயும் நானும் அதிலே ஆடினதுதான். துரு ஏறியிருந்தது, அத்தானை ஏத்தித் தேய்க்கச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.